போருக்கு யார் காரணம்? தகராறு தேதியிலேயே தொடங்குகிறது

ஈரானுக்கும் இராக்குக்கும் இடையே 1980-இல் மூண்ட போர் எட்டு ஆண்டுகள் நீடித்தது. அது எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேட்டால், ஈரான் செப்டம்பர் 22 என்று சொல்லும். அன்றுதான் இராக் விமானங்கள் ஈரானின் விமானத் தளங்கள் மீது குண்டு வீசின, தரைப்படை எல்லை தாண்டி உள்ளே புகுந்தது. சதாம் உசேனின் அரசோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. போர் செப்டம்பர் 4-ஆம் தேதியே தொடங்கிவிட்டது, அன்று ஈரான் பீரங்கிகள் எங்கள் எல்லை ஊர்கள் மீது சுட்டன, நாங்கள் திருப்பி அடித்தோம், அவ்வளவுதான் என்பது அவர்கள் கட்சி.

பதினெட்டு நாள் வித்தியாசம். அந்தப் பதினெட்டு நாளைக் கணக்கில் சேர்த்தால் இராக் தன்னைக் காத்துக்கொண்ட நாடு. விட்டுவிட்டால் படையெடுத்த நாடு.

அண்டை நாடுகள் மோதிக்கொள்ளும்போது இந்தத் தகராறு வராமல் இருப்பதில்லை. நடுவில் ஒரு எல்லைக்கோடு, இரு பக்கமும் காவல் சாவடிகள், அடிக்கடி ஏதாவது ஒரு உரசல், பாதி மதிக்கப்பட்ட பழைய ஒப்பந்தம், தலைமுறை தலைமுறையாக வரும் மனக்கசப்பு. இவற்றில் எந்த நாளை வேண்டுமானாலும் எடுத்து 'எல்லாம் இங்கேதான் ஆரம்பித்தது' என்று சொல்லிவிடலாம். ஒருவர் டாங்கிகள் எல்லை தாண்டிய காலைப்பொழுதிலிருந்து ஆரம்பிப்பார். இன்னொருவர் முப்பது வருடம் பின்னால் போய் ஏதோ ஒரு வாக்குறுதி மீறப்பட்டதிலிருந்து ஆரம்பிப்பார். இரண்டு பேரும் ஒரு பொய்கூடச் சொல்லாமல் நேர் எதிரான முடிவுக்கு வர முடியும். ஆகவே, யாராவது ஒரு போரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் கதையை எந்தத் தேதியில் தொடங்குகிறார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வாதம் அந்தத் தேதிக்குள்ளேயே முடிந்திருக்கும்.

காரணம் வேறு, பொறுப்பு வேறு

தமிழில் இந்த விவாதம் குழம்புவதற்கு ஒரு சொல்லும் கைகொடுக்கிறது. 'வெள்ளத்துக்குக் காரணம் கனமழை' என்கிறோம். 'குடும்பம் பிரிந்ததற்கு நீதான் காரணம்' என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியம் நடந்ததை விளக்குகிறது. மழையை யாரும் கூண்டில் ஏற்றப் போவதில்லை. இரண்டாவது வாக்கியம் பழி சுமத்துகிறது. சொல் ஒன்று, வேலை இரண்டு. 'போருக்கு யார் காரணம்' என்று கேட்கும்போது இந்த இரண்டில் எதைக் கேட்கிறோம் என்று நமக்கே தெரிவதில்லை.

உக்ரைன் போரைப் பற்றிய பேச்சில் இது தினமும் நடக்கிறது. 2008-இல் புக்கரெஸ்டில் கூடிய நேட்டோ மாநாடு, உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று அறிவித்தது. ரஷ்யா கொதித்தது. நேட்டோ கிழக்கே நகர்ந்ததுதான் மாஸ்கோவைத் தூண்டியது என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். உக்ரைன் தனி நாடு என்பதையே புதின் ஏற்கவில்லை, அதுதான் உண்மையான காரணம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இது நடந்ததை விளக்கும் விவாதம். இதில் யார் பக்கம் சரி என்று முடிவானாலும், 2022 பிப்ரவரி 24 அன்று படையை அனுப்பியது யார் என்ற கேள்விக்குப் பதில் மாறாது. அந்த முடிவை எடுத்தவர்கள் கிரெம்ளினில் இருந்தார்கள். ஒரு வாரத்துக்குள், மார்ச் 2 அன்று, ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் அதை ஆக்கிரமிப்பு என்று கண்டித்து வாக்களித்தன. எதிர்த்தவை 5, ஒதுங்கி நின்றவை 35.

இங்கே தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. ஒரு கூட்டம், பயத்தை விளக்கிவிட்டால் படையெடுப்பை நியாயப்படுத்தியதாக நினைத்துக்கொள்கிறது. மறு கூட்டம், யாராவது பயத்தைப் பற்றிப் பேசினாலே 'நீ அவன் ஆள்' என்று பாய்கிறது. எனக்கு இந்த இரண்டாவது கூட்டத்தின் மேல் கொஞ்சம் கூடுதல் எரிச்சல். ஒரு திருடன் ஏன் திருடினான் என்று கேட்பவரெல்லாம் திருடனுக்கு வக்காலத்து வாங்குபவர் ஆகிவிட மாட்டார். ஏன் நடந்தது என்று கேட்கவே விடாவிட்டால் அடுத்த போரை எப்படித் தடுப்பது?

சரி, பொறுப்பு எங்கே தொடங்குகிறது? வேறு வழி இருந்தும் ஒருவர் இந்த வழியைத் தேர்ந்தெடுத்த இடத்தில். முதல் உலகப் போர் மூண்ட 1914-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் தொடங்கியதோ ஜூலை 28 அன்று. நடுவில் முழுசாக ஒரு மாதம் இருந்தது. ஜூலை 5, 6-இல் ஜெர்மனி ஆஸ்திரியாவிடம் 'என்ன செய்தாலும் உன் பின்னால் நிற்போம்' என்று வாக்குக் கொடுத்தது. ஜூலை 23-இல் ஆஸ்திரியா, அண்டை நாடான செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது. ஜூலை 30-இல் ரஷ்யா தன் முழுப் படையையும் திரட்ட உத்தரவிட்டது. கொலை ஒரு காரணம், கூட்டணிகள் ஒரு காரணம், ரயில் அட்டவணைப்படி படை நகர்த்தும் திட்டங்கள்கூட ஒரு காரணம். ஆனால் மேலே சொன்ன ஒவ்வொரு தேதியிலும் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். போடாமல் இருந்திருக்கலாம். பொறுப்பைத் தேட வேண்டிய இடம் அந்த மேசைகள்தான்.

போர் தொடங்கிய சில மாதங்களுக்குள் எல்லா அரசுகளும் தங்கள் தந்திகளையும் கடிதங்களையும் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டன. ஜெர்மனி வெள்ளை அட்டையில், பிரிட்டன் நீலத்தில், பிரான்ஸ் மஞ்சளில், ரஷ்யா ஆரஞ்சில். ஒவ்வொன்றையும் படித்தால் அந்தந்த நாடு பாலில் குளித்து எழுந்ததுபோல் இருக்கும். பாதகமான தந்திகள் வசதியாகக் காணாமல் போயிருந்தன.

சட்டம் என்ன சொல்கிறது

ஒரு காலத்தில் போர் தொடுப்பது அரசர்களின் உரிமை. 'ஏன் படையெடுத்தாய்' என்று கேட்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. 1928-இல் கெல்லாக்–பிரியாண்ட் ஒப்பந்தம் போரைத் தேசியக் கொள்கையின் கருவியாகப் பயன்படுத்துவதைக் கைவிடச் சொன்னது. கையெழுத்திட்ட நாடுகள் சில அதை உடனே மறந்தும் போயின. 1945-இல் வந்த ஐ.நா. சாசனம்தான் இன்றைக்கும் அளவுகோல். அதன் 2(4) பிரிவு, இன்னொரு நாட்டின் நிலப்பரப்புக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் பலத்தைப் பயன்படுத்தவும் கூடாது, பயன்படுத்துவேன் என்று மிரட்டவும் கூடாது என்கிறது. விலக்கு இரண்டுதான். ஆயுதத் தாக்குதல் நடந்தால் 51-ஆம் பிரிவின்படி தற்காத்துக்கொள்ளலாம். பாதுகாப்புச் சபை அனுமதித்தால் பலத்தைப் பயன்படுத்தலாம்.

அப்புறம் 1974-இல் பொதுச்சபை 'ஆக்கிரமிப்பு' என்றால் என்ன என்று வரையறுத்தது. சாசனத்தை மீறி முதலில் ஆயுதம் எடுப்பது ஆக்கிரமிப்புக்கான முதல்கட்டச் சான்று என்கிறது அது. முதல்கட்டச் சான்று மட்டுமே, இறுதித் தீர்ப்பு கிடையாது. சூழ்நிலையைப் பார்த்து பாதுகாப்புச் சபை வேறு முடிவுக்கும் வரலாம். துறைமுகத்தை முற்றுகையிடுவதும், ஆயுதக் குழுக்களை எல்லை தாண்டி அனுப்புவதும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே 'முதல் குண்டு யாருடையது' என்பது முக்கியமான கேள்வி, ஆனால் ஒரே கேள்வி இல்லை.

தற்காப்புக்கு மட்டும்தான் அனுமதி என்று ஆனதும், படையெடுக்கிறவர்கள் எல்லாரும் தற்காப்பு வேஷம் கட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு அடி வாங்கியிருக்க வேண்டுமே, அதையும் தயாரித்தார்கள். 1939 ஆகஸ்ட் 31 இரவு, போலந்துக்காரர்கள் போல நடித்த எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் ஆட்கள் எல்லையோர கிளைவிட்ஸ் வானொலி நிலையத்தைப் பிடித்தார்கள். மறுநாள் ஹிட்லர் போலந்துக்குள் புகுந்தார். அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, மைனிலா என்ற எல்லைக் கிராமத்தில் பின்லாந்தின் குண்டு விழுந்து தன் வீரர்கள் நால்வர் இறந்ததாக சோவியத் ஒன்றியம் அறிவித்தது. பின்லாந்தோ இந்த மாதிரி வம்பு வேண்டாம் என்று தன் பீரங்கிகளை ஏற்கெனவே எல்லைக்கு எட்டாத தூரத்துக்குப் பின்னால் இழுத்திருந்தது. நான்கு நாளில் செம்படை பின்லாந்துக்குள் இருந்தது. எல்லையில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவத்தின் மறுநாளே பெரும்படை தயாராக நிற்கிறது என்றால், படை எப்போது அங்கே வந்து சேர்ந்தது என்று கேட்பது நல்லது.

பாட்மே என்ற சின்ன ஊர்

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு உதாரணம் போதும் என்றால் நான் ஆப்பிரிக்காவின் எரித்திரியா–எத்தியோப்பியா போரைத்தான் காட்டுவேன். உலகம் அதிகம் கவனிக்காத போர். ஆனால் யார் பொறுப்பு என்பதை ஒரு நடுவர் மன்றம் உட்கார்ந்து ஆதாரம் பார்த்துச் சொன்ன அபூர்வமான போர்.

இரு நாட்டுத் தலைவர்களும் 1991 வரை ஒரே எதிரியை எதிர்த்துப் போராடிய பழைய தோழர்கள். 1993-இல் எரித்திரியா தனி நாடானது. எல்லையை மட்டும் யாரும் அளந்து கல் நடவில்லை. பாட்மே என்ற வறண்ட சின்ன ஊர் எத்தியோப்பிய நிர்வாகத்தில் இருந்தது. அது தன்னுடையது என்றது எரித்திரியா. 1998 மே மாதத் தொடக்கத்தில் அங்கே சிறு மோதல்கள் நடந்தன, உயிரும் போனது. மே 12 அதிகாலை சுமார் ஐந்தரை மணிக்கு, எரித்திரியாவின் குறைந்தது இரண்டு படைப்பிரிவுகள் டாங்கி, பீரங்கியோடு வந்து ஊரைப் பிடித்தன. இரண்டு ஆண்டுப் போரில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 2000 டிசம்பரில் அல்ஜியர்ஸ் நகரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தம் ஒரு நல்ல காரியம் செய்தது. எல்லை எது என்று சொல்ல ஒரு ஆணையம், யார் யாருக்கு என்ன இழப்பீடு தர வேண்டும் என்று சொல்ல இன்னொரு ஆணையம் என்று வேலையைப் பிரித்தது. 2002-இல் எல்லை ஆணையம் காலனிக் கால ஒப்பந்தங்களை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. பாட்மே எரித்திரியாவுக்கு உரியது. பார்த்தீர்களா, நாங்கள் எங்கள் மண்ணைத்தானே மீட்டோம் என்று எரித்திரியா சொல்லலாம், இல்லையா?

2005 டிசம்பரில் இழப்பீட்டு ஆணையம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மே 12 தாக்குதல் ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவை மீறியது, எரித்திரியாதான் பொறுப்பு என்றது. மண் உங்களுடையது என்ற வாதத்துக்கு அது சொன்ன பதில் இதுதான்: எல்லைத் தகராறுகள் உலகில் ஏராளம், ஒவ்வொரு நாடும் தகராறான நிலத்தைப் பலத்தால் எடுத்துக்கொண்டு அதைத் தற்காப்பு என்று சொல்ல அனுமதித்தால் பலப்பிரயோகத் தடையில் பெரிய ஓட்டை விழுந்துவிடும். அதற்கு முந்தைய நாட்களில் எங்கள் வீரர்கள் கொல்லப்பட்டார்களே என்ற வாதத்துக்கும் பதில் இருந்தது. சிறிய காலாட்படைக் குழுக்களுக்கு இடையிலான உள்ளூர் மோதல், உயிர் போனாலும்கூட, சாசனம் சொல்லும் 'ஆயுதத் தாக்குதல்' ஆகிவிடாது.

இதை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். நிலத்தின் சொந்தக்காரரே போரைத் தொடங்கிய குற்றவாளியாகவும் இருக்க முடிகிறது. 'அது எங்கள் மண்' என்பது ஒரு வழக்கு. 'போரை யார் தொடங்கினார்' என்பது வேறு வழக்கு. முதலாவதில் ஜெயித்தவர் இரண்டாவதில் தோற்கலாம். பெரும்பாலான விவாதங்களில் ஒருவர் முதல் வழக்குக்கான பத்திரத்தை நீட்டி இரண்டாவது வழக்கில் விடுதலை கேட்கிறார்.

கதை அதோடும் முடியவில்லை. போரை நடத்திய விதத்துக்கு ஆணையம் தனிக் கணக்கு எழுதியது. எத்தியோப்பியாவின் மெகெலே நகரில் பள்ளிக்கூடப் பகுதியில் கொத்துக்குண்டு விழுந்ததற்கு எரித்திரியா பொறுப்பு. எரித்திரிய வம்சாவளி மக்கள் பலரைக் குடியுரிமை பறித்து நாடுகடத்தியதற்கு எத்தியோப்பியா பொறுப்பு. 2009-இல் இறுதித் தொகை வந்தபோது எத்தியோப்பியாவுக்குச் சேர வேண்டியது சுமார் 17.4 கோடி டாலர், எரித்திரியாவுக்குச் சேர வேண்டியது சுமார் 16.1 கோடி டாலர். போரைத் தொடங்கிய நாட்டின் மக்களுக்கும் இழப்பீட்டு உரிமை உண்டு. தாக்கப்பட்ட நாடு என்பதற்காக எதையும் செய்துவிட முடியாது.

ஒரு கை ஓசை

'இரண்டு கை தட்டினால்தான் ஓசை வரும்' என்று ஒரு கட்டத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். நடுநிலையாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. கணவன் மனைவி சண்டைக்கு வேண்டுமானால் அந்தப் பழமொழி பொருந்தலாம், அதுவும் எப்போதும் பொருந்தாது. போரில் ஒரு கையே ஓசை எழுப்பும். 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் குவைத்துக்குள் நுழைந்ததற்கு முன் எண்ணெய் விலை, கடன் என்று பல சண்டைகள் இருந்தன. அதற்காக குவைத்தும் சரிபாதி என்று யாரும் சொல்வதில்லை.

பொறுப்பை 100 மதிப்பெண் மாதிரி நினைப்பதால் வரும் கோளாறு இது. இவருக்கு 70 போட்டால் அவருக்கு 30 என்று கை தானாகக் கணக்குப் போடுகிறது. ஜார்ஜியாவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே 2008-இல் நடந்த போரைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் அமைத்த விசாரணைக் குழு, சுவிஸ் தூதர் ஹைடி டாலியவினி தலைமையில், 2009 செப்டம்பரில் அறிக்கை தந்தது. ஆகஸ்ட் 7 நள்ளிரவை ஒட்டி ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நின்ற தெற்கு ஒசேத்தியாவின் ட்ஸ்கின்வாலி நகர் மீது ஜார்ஜியா நடத்திய பீரங்கித் தாக்குதலில்தான் பெரும் சண்டை தொடங்கியது, அதற்குச் சர்வதேசச் சட்டத்தில் நியாயம் இல்லை என்றது. அதே அறிக்கை, அது நீண்டகாலத் தூண்டுதல்களின் உச்சம் என்றும், ஜார்ஜியாவுக்குள் வெகுதூரம் ஊடுருவிய ரஷ்யாவின் பதிலடி தற்காப்பின் எல்லையைத் தாண்டியது என்றும் சொன்னது. தெற்கு ஒசேத்தியாவில் உள்ளவர்களுக்கு ரஷ்யா கூட்டமாகப் பாஸ்போர்ட் வழங்கியதையும் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. இது பாதிக்குப் பாதி என்ற தீர்ப்பு இல்லை. அவரவர் செய்த தனித்தனிக் காரியத்துக்கு அவரவருக்குத் தனித்தனிக் கணக்கு. ஒருவர் கணக்கு ஏறுவதால் மற்றவர் கணக்கு இறங்கிவிடாது. அறிக்கை வந்த அன்று இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமான பத்தியை மட்டும் வாசித்து வெற்றி கொண்டாடின. வேறென்ன செய்வார்கள்.

'அப்போ அமெரிக்கா 2003-இல் இராக்குக்குள் போனது மட்டும் என்னவாம்?' என்ற கேள்வியும் இதே வகை. கேட்க வேண்டிய கேள்விதான். அளவுகோலை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்கிறோமா என்று அது சோதிக்கிறது. ஆனால் வேறு போரைப் பற்றிய விவாதத்துக்கு அது பதில் ஆகாது.

நாடா, தலைவரா, மக்களா

'இந்த நாடுதான் பொறுப்பு' என்று சொல்லும்போது அந்த நாட்டில் யாரைச் சொல்கிறோம்? நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பாயம் 1946-இல், சர்வதேசக் குற்றங்களைச் செய்வது மனிதர்கள்தானே தவிர உருவமற்ற அமைப்புகள் இல்லை என்று சொல்லி, ஆக்கிரமிப்புப் போர் தொடங்கியதற்காகத் தனிமனிதர்களைத் தண்டித்தது. இன்றைக்கு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பட்டியலிலும் ஆக்கிரமிப்புக் குற்றம் உண்டு. 2018 ஜூலை 17 முதல் அதற்கு அதிகாரம் வந்தது. அந்தக் குற்றம் ஒரு நாட்டின் அரசியல், ராணுவ நடவடிக்கையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். சாதாரணச் சிப்பாய் மேல் அதைச் சுமத்த முடியாது. அவர் போரில் செய்யும் அட்டூழியத்துக்கு அவர் பொறுப்பு, அது வேறு.

இழப்பீடு என்று வரும்போது மட்டும் நாடு முழுவதும் கட்டுகிறது. குவைத் படையெடுப்புக்காக இராக் மொத்தம் 52.4 பில்லியன் டாலர் செலுத்தியது, எண்ணெய் வருமானத்திலிருந்து. கடைசித் தவணை முடிந்தது 2022-இல். உத்தரவிட்ட சதாம் 2003-இலேயே ஆட்சி இழந்து 2006-இல் தூக்கிலிடப்பட்டார். படையெடுப்பு நடந்தபோது பிறக்காத பிள்ளைகளின் காலத்திலும் பணம் போய்க்கொண்டிருந்தது. சட்டப்படி சரி, ஏனென்றால் அரசு தொடர்கிறது. ஆனால் இதை வைத்து 'அந்த மக்களே குற்றவாளிகள்' என்று தாவுவது தவறு. கடன் கட்டுவதும் குற்றம் செய்ததும் ஒன்று இல்லை.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய 1919-இன் வெர்சாய் ஒப்பந்தம் இந்த இரண்டையும் கலந்து கெட்ட பெயர் வாங்கியது. அதன் 231-ஆம் பிரிவு ஜெர்மனியும் கூட்டாளிகளும் இழப்புகளுக்குப் பொறுப்பு என்று சொன்னது. இழப்பீடு கேட்க ஒரு சட்ட அடிப்படை வேண்டும் என்று எழுதப்பட்ட வாசகம். 'குற்றம்' என்ற சொல் அதில் கிடையாது. ஜெர்மானியர்கள் அதைப் போர்க்குற்றப் பிரிவு என்றே அழைத்தார்கள், தங்கள் இனத்தின் மேல் குத்தப்பட்ட முத்திரையாக எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆத்திரத்தை ஹிட்லர் எப்படிப் பயன்படுத்தினார் என்பது தெரிந்ததுதான்.

மறுபடியும் ஈரான்–இராக் போருக்கு வருவோம். அதில் பொறுப்பு ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1982 மே மாதம் ஈரான் தன் துறைமுக நகரான கோரம்ஷஹரை மீட்டது. ஜூலையில் இராக்குக்குள் படை நடத்தியது. அதற்குப் பிறகு ஆறு ஆண்டு நீண்ட சண்டையின் பொறுப்பில் ஈரானுக்கும் பெரிய பங்கு உண்டு. ரசாயன ஆயுதம் வீசியதற்கு இராக். அப்படித் தெரிந்தும் இராக்குக்கு ஆயுதமும் கடனும் கொடுத்தவர்கள் வேறு இருக்கிறார்கள்.

தொடங்கியது யார் என்ற பழைய கேள்விக்கும் ஒருவழியாகப் பதில் வந்தது. படையெடுப்பு நடந்து ஆறே நாளில் பாதுகாப்புச் சபை போட்ட தீர்மானத்தில் யார் பெயரும் இல்லை, எல்லைக்குத் திரும்பிப் போ என்றுகூட இல்லை. 1987-இன் தீர்மானம்தான் பொறுப்பை விசாரிக்க ஒரு வழி வைத்தது. 1991 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்செயலாளர் பெரெஸ் டி குவெய்யார் எழுதினார்: 1980 செப்டம்பர் 22 தாக்குதலை நியாயப்படுத்த முடியாது; அதற்கு முன் இராக் மண்ணில் ஈரானின் அத்துமீறல் ஏதாவது இருந்திருந்தாலும் அது இராக்கின் ஆக்கிரமிப்புக்கு நியாயம் ஆகாது. செப்டம்பர் 4 வாதம் அத்தோடு செத்தது. ஆனால் அந்த வார்த்தை வந்த நேரத்தைப் பாருங்கள். போர் முடிந்து மூன்று ஆண்டாகிவிட்டது. அதற்குள் சதாம் குவைத்துக்குள் புகுந்து உலகத்துக்கே எதிரியாகியிருந்தார். இந்த விசாரணையை இதற்கு மேல் கொண்டுபோவதில் பயன் இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. இழப்பீடாக ஈரானுக்கு எதுவும் வரவில்லை.